பலாலி – திருச்சி: விடை 22 நிமிடம்

வேகம், நேரம், தூரம் படிப்பிக்கும்போது புத்தகத்தில் இருக்கும் கணக்கை நான் போடுவதில்லை. அதில் எப்போதும் பெயரில்லாத ஒரு நகரத்திலிருந்து பெயரில்லாத இன்னொரு நகரத்துக்கு ஒரு புகையிரதம் போய்க்கொண்டிருக்கும். அந்த நகரங்களில் பிள்ளைகளுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. சுன்னாகத்திலிருந்து கிளிநொச்சி, சாவகச்சேரியிலிருந்து வவுனியா என்று மாற்றிப் போட்டால் கடைசி வாங்கும் நிமிர்ந்து உட்காரும்.

2025 மார்ச் 30 அன்று யாழ்ப்பாண விமானநிலையம் இருக்கும் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே இண்டிகோ விமானம் ஓடத் தொடங்கியது. அடுத்த தவணையில் அதையே கணக்காக்கிக் கரும்பலகையில் எழுதினேன். பலாலியிலிருந்து திருச்சி விமானநிலையம் 184 கிலோமீற்றர். விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர். போய்ச் சேர எவ்வளவு நேரம்?

184-ஐ 500-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 22 நிமிடம் சொச்சம். எல்லோரும் சரியாகவே செய்தார்கள். பின்னாலிருந்து ஒரு பொடியன் மட்டும் கையைத் தூக்கினான்.

"சேர், மாமா அதிலைதான் போனவர். ரிக்கெற்றிலை ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு. மிச்சம் முப்பத்தெட்டு நிமிசம் எங்கை?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "மேகத்துக்குள்ளை நிண்டு தேத்தண்ணி குடிச்சிருப்பினம்" என்று சமாளித்தேன். மணி அடித்துவிட்டது. ஆனால் அந்த 38 நிமிடம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கணித வாத்தியார்களுக்கு இது ஒரு வியாதி. விடை சரியென்று தெரிந்தபிறகும் நித்திரை வராது.

தூரத்தில் தவறில்லை. பலாலி ஏறத்தாழ 9 பாகை 47 கலை வடக்கு, 80 பாகை 4 கலை கிழக்கு (ஒரு பாகைக்கு 60 கலை). திருச்சி விமானநிலையம் 10 பாகை 46 கலை வடக்கு, 78 பாகை 43 கலை கிழக்கு. இவ்வளவு கிட்டத்தில் பூமியின் வளைவு பெரிதாக எதையும் மாற்றாது. பைதகரஸ் தேற்றத்தையே போட்டாலும் (கிழக்கு–மேற்குத் தூரத்தை மட்டும் அகலக்கோட்டுக்கு ஏற்பக் கொஞ்சம் சுருக்க வேண்டும்) 184 கிலோமீற்றர் வந்து நிற்கும். கடல் மைலில் 99.

இதைவிட அழகான கணக்கு சென்னை விமானநிலையத்துக்கு இருக்கிறது. பலாலியும் மீனம்பாக்கமும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. ஒன்று 80 பாகை 4 கலை, மற்றது 80 பாகை 10 கலை. ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றது. அகலக்கோட்டில் ஒரு கலைதான் ஒரு கடல் மைல் என்று ஆதியில் வைத்தார்கள். ஆகவே வாய்ப்பாடு எதுவும் வேண்டாம், கழித்தாலே போதும். 12 பாகை 59 கலையிலிருந்து 9 பாகை 47 கலையைக் கழிக்க 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை. தூரம் 192 கடல் மைல். 1.852-ஆல் பெருக்க 355 கிலோமீற்றர் சொச்சம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும். இதை முதல்முறை செய்து பார்த்த அன்று நான் அடைந்த சந்தோசத்தை வீட்டில் யாரோடும் பங்குபோட முடியவில்லை. மனைவி "சரி, இப்ப என்ன?" என்றாள்.

திருச்சிக்கு வருகிறேன். திருச்சி எங்களுக்கு வெறும் ஊர்ப்பெயர் இல்லை. என் அக்கா அங்கே இருக்கிறா.

1990-இல் சண்டையால் வலிகாமம் வடக்குச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீடு வசாவிளானில் இருந்தது. பலாலி ஓடுபாதைக்கு அவ்வளவு கிட்ட. இரண்டாம் உலகப்போரில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுபாதை அது. சிறுவயதில் விமானச் சத்தம் எங்களுக்குக் காகச் சத்தம் மாதிரி. ஆனியில் உடுத்த உடுப்போடு இறங்கிச் சுன்னாகத்துக்கு வந்தோம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று அப்பா மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டு வந்தார். வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. கலியாணம் செய்து ஒரு வருடம்கூட ஆகாத அக்காவும் அத்தானும் மன்னாருக்குப் போய், பேசாலையில் படகேறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பிறகு மண்டபம் முகாம். அதற்குப் பிறகு திருச்சி கொட்டப்பட்டு முகாம். கொட்டப்பட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? திருச்சி விமானநிலையத்துக்குப் பக்கத்தில். ஒரு ஓடுபாதையின் அருகிலிருந்து எழும்பியவள் இன்னொரு ஓடுபாதையின் அருகில் போய்க் குந்தினாள். இப்போது வெளிப்பதிவில், அதாவது முகாமுக்கு வெளியே, வாடகை வீட்டில் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டு விலகவில்லை.

அக்காவின் மகள், என் மருமகள், கோயம்புத்தூரில் வேலை செய்கிறாள். ஒரு நாள் சும்மா இருக்கையில் திருச்சி விமானநிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமானநிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு என்று கணக்கிட்டேன். 184 கிலோமீற்றர். பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் செய்தேன். அதே 184. திருச்சியில் கவராயத்தின் முள்ளை ஊன்றி வட்டம் போட்டால், அது மேற்கே மகளுக்கு மேலாலும் கிழக்கே அம்மாவுக்கு மேலாலும் போகிறது. மகள் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஐந்து மணித்தியாலத்தில் வந்து, அக்கா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, ஞாயிறு பின்னேரம் போய்விடுவாள். அம்மாவை அக்கா இந்த முப்பத்தைந்து வருடத்தில் பார்த்தது இரண்டே தரம்.

முதல் தரம் 2003-இல். சமாதானக் காலம். ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தபிறகு அம்மா, "சாகிறதுக்கிடையிலை பிள்ளையைப் பாக்கவேணும்" என்று தொடங்கினா. (அம்மா இதைச் சொல்லத் தொடங்கியபோது வயது 53. இப்போதும் சொல்கிறா.) அந்தப் பயணத்தின் கணக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வடமேற்கில் இருக்கும் திருச்சிக்குப் போக முதலில் தெற்கே கொழும்புக்குப் போகவேண்டும். அதிகாலை ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினோம். இராணுவத்தின் பகுதி முடிந்து புலிகளின் பகுதி தொடங்கும் முகமாலையில் ஒரு பக்கம் இறங்கி நடந்து, பைகளைத் திறந்து காட்டி, மற்றப் பக்கம் ஏறி, புலிகளின் பகுதி முடியும் ஓமந்தையில் அதையே திரும்பச் செய்து, இருட்டியபிறகு கொழும்பு வெள்ளவத்தை. அடுத்த நாள் கட்டுநாயக்கா போய் அங்கிருந்து திருச்சிக்கு விமானம். அதுவே 420 கிலோமீற்றர். அக்காவின் வாசலில் காலை வைக்கும்போது அடுத்த நாள் பின்னேரம் ஐந்து மணி. ஏறத்தாழ முப்பத்தாறு மணித்தியாலம். 184-ஐ 36-ஆல் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 5 கிலோமீற்றர். மனிதன் நடக்கும் வேகம். கடல் மட்டும் இல்லையென்றால் நடந்தே போய் அதே நேரத்துக்குச் சேர்ந்திருக்கலாம்.

அந்தப் பயணத்தில் கடிகாரமும் எங்களோடு விளையாடியது. இலங்கை அரசு 1996-இல் மணியை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதங்களில் அதைக் குறைத்து அரை மணித்தியாலம். வன்னியில் புலிகள் அதை ஏற்கவில்லை. அங்கே பழைய மணிதான். ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரு நேரம், முகமாலையைத் தாண்டினால் அரை மணி பின்னால், ஓமந்தையைத் தாண்டினால் திரும்ப அரை மணி முன்னால், திருச்சியில் இறங்கினால் மறுபடி அரை மணி பின்னால். இரண்டு நாளில் மூன்று தரம் மணிக்கூட்டைத் திருகினேன். அம்மா தன்னுடையதைத் தொடவே இல்லை. 2006 ஏப்ரல் புத்தாண்டு முடிந்த கையோடு இலங்கை பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. இன்றைக்குப் பலாலியிலும் திருச்சியிலும் ஒரே மணி. என்னுடைய கணக்குக்கு அது பெரிய உபகாரம். பயண அட்டவணையில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேரடியாகக் கழிக்கலாம்.

பலாலியிலிருந்து நேரே பறப்பது ஏதோ புதுப் புதினம் என்று நினைக்கக்கூடாது. ஏர் சிலோன் தன் முதலாவது சேவையைத் தொடங்கியதே இந்தப் பாதையில்தான். 1947 டிசெம்பர் 10, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை. அந்த நாளில் பலாலி விமானத்தளத்தைக் காங்கேசன்துறை என்றும் சொல்வார்கள். விமானம் டக்கோட்டா. மணிக்கு 270 கிலோமீற்றர் அளவில் போகும் என்று வைத்துக்கொண்டால் 355 கிலோமீற்றருக்கு 79 நிமிடம் வருகிறது. இன்றைக்குச் சென்னைக்கு அட்டவணையில் போடும் நேரமும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இடையில் மனிதன் சந்திரனுக்குப் போய்வந்துவிட்டான்.

திருச்சிக்கும் அப்போது விமானம் இருந்ததாம். அம்மாவின் தாய்மாமன் ஒருவர் கலியாணச் சீலை எடுக்கக் காலையில் திருச்சிக்குப் பறந்து, அடுத்த நாள் பின்னேரம் பெட்டியோடு வந்திறங்கினார் என்பது எங்கள் வீட்டுப் புராணம். படம் பார்க்கப் போய்வந்தவர்கள்கூட உண்டு என்பார்கள். பாதியை நம்பலாம். ஒன்று மட்டும் எனக்கே தெரியும். திருச்சி வானொலி எங்கள் வீட்டு ரேடியோவில் கொழும்பைவிடத் துப்புரவாகக் கேட்கும். வானொலி அலைக்கு அந்த 184 கிலோமீற்றரைக் கடக்க ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆடு, மாடு, உரம், நெல் விலை என்று திருச்சியிலிருந்து வரும் செய்திகளைக் கேட்டுத்தான் அப்பா வெங்காயம் நட்டார்.

பிறகு எல்லாம் நின்றது. பலாலி இராணுவத் தளமானது. சண்டைக்கிடையில் இரத்மலானைக்கு மட்டும் பயணிகள் விமானம் விட்டுவிட்டு ஓடியது. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியில் எழும்பிய அன்ரனோவ் விமானம் ஒன்று மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதில் இருந்தது. பலாலியில் நான் விமானம் ஏறமாட்டேன் என்று அம்மா அன்றைக்குச் சொன்னதை, 2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் என்று புதுப்பெயர் வைத்துத் திறந்தபோதும் மாற்றவில்லை. அந்த நவம்பரில் சென்னைக்கு அலையன்ஸ் ஏர் வந்தது. நாலு மாதத்தில் கொரோனா வந்தது. விமானம் நின்றது. 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கியது. அம்மா அசையவில்லை. அதற்கு முதல், 2013-இல் இரண்டாவது தரம் அக்காவைப் பார்க்கப் போனபோதும் கொழும்பு சுற்றித்தான் போனா. திருச்சிக்கே நேரடி என்று கேள்விப்பட்ட அன்றுதான், "எத்தினை மணித்தியாலம் தம்பி?" என்று கேட்டா.

"இருபத்திரண்டு நிமிசம் அம்மா."

"விசர்க் கதை கதையாதை. சுன்னாகத்திலை இருந்து ரவுணுக்குப் போகவே அதைவிடக் கூடச் செல்லும்."

நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடியாமல் வரமாட்டேன் என்றதால் ஆவணிக் கடைசியில் ரிக்கெற் எடுத்தேன். கையில் ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொண்டேன். அந்தப் பொடியனுக்குப் பதில் சொல்லவேண்டுமே.

காலை 10.40-க்கு ஓட்டோ. புன்னாலைக்கட்டுவன் தாண்டும்போது அம்மா கைப்பையைத் தடவினா. திரும்பத் தடவினா. கடவுச்சீட்டு சாமியறையில், நல்லூர் விபூதிச் சரைக்குக் கீழே. பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்ததாம். திரும்பிப் போய் எடுத்து வந்து அதே சந்தியைத் தாண்டும்போது 11.05. கொப்பியில் 11.05 என்று புறப்பட்ட நேரத்தை எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு நேர்மையாக 10.40 என்றே எழுதினேன். மறதியும் பயண நேரம்தான்.

வசாவிளானுக்குக் கிட்ட அம்மா பேச்சை நிறுத்திவிட்டா. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியின் ஒரு துண்டை முப்பது சொச்சம் வருடங்களுக்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் சனங்களுக்குத் திறந்தார்கள். வீதி திறந்தது, எங்கள் காணி திறக்கவில்லை. செம்மண் அப்படியே சிவப்பாகத்தான் கிடக்கிறது.

விமானநிலையத்துக்குள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியில் புழுக்கொடியல், ஒடியல்மா, மிளகாய்த்தூள், இரண்டு கறுத்தக்கொழும்பான் மாம்பழம். வீட்டுத் தராசில் சரியாக நின்ற பெட்டி அங்கே ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. மிளகாய்த்தூள் பையை அம்மா மடியில் வைத்துக்கொண்டா. மற்றதெல்லாம் காத்திருப்பு. நிறை பார்க்க, முத்திரை குத்த, பையைக் கதிர்ப்பெட்டிக்குள் விட, கூப்பிடும்வரை இருக்க. சர்வதேசப் பயணம் என்று பெயர் வந்துவிட்டால் 184 கிலோமீற்றருக்கும் சிட்னிக்கும் ஒரே சடங்கு.

விமானம் ஏ.ரி.ஆர். 72. இரண்டு பக்கமும் விசிறி வைத்தது. பலாலியின் ஓடுபாதையைத் திருத்தித் திறந்திருக்கும் நீளத்துக்கு இது தோதானது. பெரிய ஜெட் ஆட்களையும் எரிபொருளையும் நிரப்பிக்கொண்டு எழும்ப இன்னும் நீளம் வேண்டும். அதுவும் இந்தத் தூரத்துக்கு ஜெட் வந்து பெரிய பிரயோசனம் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சத்தில் சொல்கிறேன். இடையில் என் கொப்பி.

பிற்பகல் 2.53. சில்லுக்குக் கொடுத்திருந்த கட்டையை எடுத்தார்கள். அட்டவணையில் போடும் நேரம் இங்கேதான் தொடங்குகிறது. விமானம் எழும்பும்போது அல்ல, அசையும்போது. முடிவதும் அப்படியே. மற்ற ஊரில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை கொடுத்தபிறகுதான் பயணம் முடிந்ததாகக் கணக்கு. உருண்டுபோய் ஓடுபாதை முனையில் திரும்பி நிற்க ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் அம்மா யன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு இருந்தா. எங்கள் வளவு எந்தத் திசையில் என்று நானும் தேடினேன். கிணற்றடியில் இரட்டைப்பனை நின்றது. பனைகள் நின்றன, எது எங்களுடையது என்று பிடிபடவில்லை.

"எல்லாம் பத்தை" என்றா அம்மா. அவ்வளவுதான்.

3.00. சில்லு நிலத்தைவிட்டது. எழும்பிக் கொஞ்ச நேரத்தில் கீரிமலைப் பக்கம் கரை முடிந்து கடல். இந்தப் பாதையில் பாதி கடல், பாதி நிலம். பாக்குநீரிணையைக் கோடியக்கரையில் தாண்டினால் ஐம்பத்தைந்து கிலோமீற்றரளவில்தான். ஆனால் திருச்சிக்குப் போகும் நேர்கோடு நீரிணையைச் சாய்வாக வெட்டி அதிராம்பட்டினப் பக்கம்தான் கரையேறுகிறது. ஆகவே தொண்ணூறு கிலோமீற்றர் தண்ணீர். மேலேயிருந்து பார்த்தால் அந்தக் கடல் ஆழமில்லாதது என்று தெரியும். நீலம் இல்லை, ஒரு மாதிரிப் பச்சை. வள்ளங்கள் வெள்ளைக் கீறலாக நின்றன. அம்மா கேட்டா, "இதாலையே இவள் வந்தவள்?" இல்லை, அது இன்னும் தெற்கே, மன்னாரிலிருந்து, என்றேன். அக்கா அந்தப் படகுப் பயணத்தைப் பற்றி இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அதன் மணித்தியாலங்கள் என் கொப்பியில் இல்லை.

இப்போது அந்தப் பொடியனுக்குரிய பதில். என் கரும்பலகையில் விமானம் பலாலியில் பிறந்தவுடனேயே மணிக்கு 500 கிலோமீற்றரில் பறந்தது. உண்மையில் அது ஏறவேண்டும். ஏறும்போது ஏ.ரி.ஆர். முந்நூறு சொச்சத்தில்தான் போகும். சைக்கிளில் மேடு மிதிப்பது மாதிரி. 14,000 அடிக்கு ஏறுகிறது என்று வைத்தால் அதற்குள் 35 கடல் மைல் போய்விடும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு மனக்கணக்கு இருக்கிறது. உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கு, அத்தனை கடல் மைலுக்கு முன்னால் இறங்கத் தொடங்கு. பதினாலு மூன்று நாற்பத்திரண்டு. 35-ம் 42-ம் 77. மொத்தமே 99. மிச்சம் 22 கடல் மைல், நாற்பது கிலோமீற்றர். நான் கரும்பலகையில் எழுதிய 500 உண்மையாக இருந்தது அந்தத் துண்டில் மட்டும், ஏறக்குறைய ஐந்து நிமிடம். விமானப் பணிப்பெண் தண்ணீர் கொடுத்து முடிக்கவில்லை, மூக்குக் கீழே சாய்ந்துவிட்டது. ஜெட்டாக இருந்தாலும் இதே கதைதான். அதன் முழு வேகத்துக்கு இடமே கிடைக்காது. வாசற்படியிலிருந்து படலைக்குப் போகக் காரை நாலாவது கியரில் போட முடியுமா?

பிறகு காற்று. ஆவணியில் சோளகம், தென்மேற்குக் காற்று. வடமேற்கே போகும் எங்களுக்கு முகத்தில் அடித்தது. 3.37-க்கு திருச்சியில் சில்லு பட்டது. ஆகாயத்தில் 37 நிமிடம். (திரும்பி வரும்போது அதே சோளகம் முதுகைத் தள்ள 33 நிமிடம். மார்கழியில் வாடைக்காற்றுக்கு இது தலைகீழாகலாம். போய்ப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.) உருண்டு வந்து நின்றது 3.43. கட்டையிலிருந்து கட்டைக்கு 50 நிமிடம். அட்டவணையில் 60. அந்தப் பத்து நிமிடம் பத்திரத்துக்கு. ஓடுபாதை முனையில் காத்திருப்பு, மழை முகிலைச் சுற்றிப் போவது, எதிரில் இன்னொரு விமானம் இறங்குவது, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டி வைத்த மடிக்காசு. செலவழிக்காவிட்டால் நேரத்துக்கு முந்தி வந்தோம் என்று பெருமைப்படலாம்.

கூட்டிப் பார்த்தால் ஏறி இறங்கியதிலும் எதிர்க்காற்றிலும் 15, நிலத்தில் உருண்டதில் 13, மடிக்காசு 10. மொத்தம் 38. பொடியனின் முப்பத்தெட்டும் கணக்குக்கு வந்துவிட்டது. இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் இணையக் கணிப்பான்களையும் இதற்குப் பிறகு நான் கோபிப்பதில்லை. நேர்கோட்டை ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க என்று ஒரு அரை மணித்தியாலத்தைக் கண்ணைமூடிக் கூட்டுகிறார்கள். எங்கள் பாதைக்கு அப்படிச் செய்தால் 44 நிமிடம் வரும். பிழையான வழியில் போய்ச் சரியான விடைக்குக் கிட்ட வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாதிப் புள்ளி போடுவேன்.

திருச்சி முனையம் புதியது. 2024 ஜனவரியில் திறந்து வைத்தது. சுவரெல்லாம் கோபுர வண்ணம். அம்மா நின்று நின்று பார்த்தா. மறுபடி முத்திரை, பெட்டி, வரிசை. வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் கொட்டப்பட்டு என்றேன்.

"பக்கத்துலதானண்ணே, ஏறுங்க. பாட்டி, பாத்து. எந்த ஊரு, கேரளாவா?"

எங்கள் தமிழைக் கேட்டால் அங்கே முதலில் வரும் கேள்வி இதுதான். "யாழ்ப்பாணம்" என்றா அம்மா. "அடேங்கப்பா, அவ்வளவு தூரத்துலேருந்தா!" என்றார் அவர். நான் 184 என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினா.

அக்காவின் வாசலில் 4.50. வீட்டிலிருந்து வீட்டுக்கு 6 மணித்தியாலம் 10 நிமிடம், அதாவது 370 நிமிடம். பறந்தது 37. சரியாகப் பத்தில் ஒன்று. நான் கணக்குக்காகப் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் வந்தது. மொத்தத்தையும் தூரத்தால் பார்த்தால் மணிக்கு முப்பது கிலோமீற்றர், ஒரு பழைய மோட்டார்ச் சைக்கிளின் வேகம். 2003-இல் நடந்தோம், இப்போது மோட்டார்ச் சைக்கிளில் வந்திருக்கிறோம். மருமகள் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் நேரத்தைவிட எங்களுக்கு ஒரு மணித்தியாலம்தான் கூட.

அக்காவும் அம்மாவும் சந்தித்ததை எழுதப்போவதில்லை. அக்காவின் முதல் வார்த்தை மட்டும், "மிளகாய்த்தூள் கொண்டந்தனியளோ?"

நாலு நாள் நின்றோம். பின்னேரங்களில் மொட்டைமாடியில் இருப்போம். நான் கண்ட புதினம் ஒன்று. மூன்றரை தாண்டினால் அக்கா பேசிக்கொண்டிருக்கும் எதையும் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பா. அங்கே ஒரு நாளைக்கு எத்தனையோ விமானம். சிங்கப்பூர், டுபாய், சென்னை. ஒன்றுக்கும் நிமிரமாட்டா. விசிறிச் சத்தத்துக்கு மட்டும். அதிலும் சென்னையிலிருந்து வரும் விசிறியையும் பலாலியிலிருந்து வரும் விசிறியையும் நேரத்தை வைத்தே பிரித்தறிவா. "இது எங்கடை" என்பா. மார்ச் 30-இலிருந்து ஒரு நாளும் தவறவில்லையாம். அத்தான் கேலி செய்தார், விமானநிலையத்தில் வேலைக்கு எடுக்கலாம் என்று.

நீயும் வாவன் ஒருக்கா என்று அம்மா கேட்கவில்லை. அக்காவிடம் கடவுச்சீட்டு இல்லை. எந்த நாட்டுடையதும் இல்லை. அதற்கான கடதாசிகள் ஒரு பிளாஸ்ரிக் பையில் அலுமாரிக்குள் இருக்கின்றன. அந்தப் பையை இரண்டாம் நாள் இரவு என்னிடம் எடுத்துக் காட்டினா. ஒவ்வொரு கடதாசியிலும் ஒரு திகதி. அதைக் கொப்பியில் எழுத நான் முயலவில்லை.

திரும்பிய நாள் மத்தியானம் விமானம். அக்கா விமானநிலையத்துக்கு வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டுவது தனக்கு ஒத்துவராது, மொட்டைமாடியில் நின்று பார்க்கிறேன் என்றா. சிவப்புத் துவாய் ஒன்றை ஆட்டுவதாக ஏற்பாடு. சோளகம் என்றபடியால் விமானம் மேற்கே பார்த்து எழும்பி, பிறகு சுற்றித் தென்கிழக்குக்குத் திரும்பியது. நான் வலப்பக்க யன்னல், வீடுகள் இடப்பக்கம். குறுக்கே இருந்தவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். வெயிலில் நூறு மொட்டைமாடி, நூறு கொடியில் துணி. சிவப்பும் நிறைய இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னா.

33 நிமிடம். கீழே செம்மண்.

பலாலியில் வரிசையில் நிற்கும்போது கைத்தொலைபேசிக்கு உயிர் வந்தது. அக்காவின் குரல் செய்தி ஒன்று, அனுப்பி ஐந்து நிமிடம். அம்மாவின் காதில் வைத்தேன். எனக்கும் கேட்டது.

"கண்டன். நீங்கள் சுத்தித் திரும்பிறதைக் கண்டன். இறங்கீட்டியளோ? அம்மா காலமை கழட்டிப்போட்ட சீலையை நீங்கள் ஏறேக்கை தோய்ச்சுக் கொடியிலை போட்டனான். அது இன்னும் காயேல்லை."